நாற்றின் வயதுடன் இலைக் கணக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா நடவை ஒட்டித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளியான குறிப்புகளில், குறுகிய கால நெல் ரகங்களுக்கு 18 முதல் 22 நாள், மத்திய கால ரகங்களுக்கு 25 முதல் 30 நாள், நீண்ட கால ரகங்களுக்கு 35 முதல் 40 நாள் என்று நாற்றின் வயது தரப்பட்டிருந்தது. நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வரும் இந்தக் கணக்கில் குறை காண்பது என் நோக்கமன்று. எனினும், நெற்பயிரின் வளர்ச்சியைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் தெரியவந்துள்ளவற்றைப் பார்க்கும்போது, நாள் கணக்கோடு இலைக் கணக்கையும் சேர்த்து வெளியிடுவதே உழவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

நெல்லில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைப்பட்ட காலத்தை, அதாவது இலைக்காலத்தை, பெரும்பாலும் தீர்மானிப்பது வெப்பம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஷோய்ச்சி யோஷிடா இதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். கதிர்க்குருத்து உருவாகும் வரை ஓர் இலை வெளிவர, அன்றாடச் சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 100 ஆக வேண்டும். அதற்குப் பிறகு வரும் இலைகளுக்கு ஏறத்தாழ 170 ஆக வேண்டும். அதாவது 20 டிகிரியில் ஐந்து நாளுக்கு ஓர் இலையும், 25 டிகிரியில் நான்கு நாளுக்கு ஓர் இலையும் வரும். வெப்பம் ஏற ஏற இந்த வேகம் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போவதில்லை. அந்த நிலையமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய ஒரைசா என்ற வளர்ச்சி மாதிரி, 8 டிகிரிக்குக் கீழ் வளர்ச்சி இல்லை, 30 டிகிரியில் உச்சம், 42 டிகிரியில் மறுபடியும் இல்லை என்று கணக்கிடுகிறது. ஆகவே ஆனி மாதத்துக் குறுவை நாற்றங்காலில் 20 நாள் நின்ற நாற்றும், மார்கழிப் பனியில் நவரைக்கு விட்ட நாற்றங்காலில் அதே 20 நாள் நின்ற நாற்றும் வளர்ச்சியில் ஒரே வயதுடையவை ஆகா.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இளம் நெற்பயிரின் வளர்நுனி தண்டின் அடியில், மண்ணை ஒட்டி, தேங்கிய நீருக்குள் இருக்கிறது. எனவே தொடக்கக் காலத்தில் இலையின் வேகத்தை முடிவு செய்வது காற்றின் வெப்பத்தைவிட வயல் நீரின் வெப்பமே. வானிலை நிலையத்தின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு கைப்பேசிச் செயலிகள் தரும் தேதிகளை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம் உண்டு.

இலையை எண்ணுவதால் ஆவதென்ன என்று கேட்கலாம். ஜப்பானியத் தாவரவியலாளர் கட்டயாமா நெல், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1951இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. ஒரு தண்டில் புதிய இலை ஒன்று வெளிவரும் அதே வேளையில், அதற்கு மூன்று இலைக்குக் கீழுள்ள இலைக்கோணத்திலிருந்து (இலை தண்டோடு சேரும் இடத்திலிருந்து) தூர், அதாவது பக்கத் தண்டு, ஒன்று வெடிக்கிறது. ஐந்தாம் இலை எட்டிப்பார்க்கும்போது இரண்டாம் இலையின் கோணத்தில் தூர் தோன்றும். அந்தத் தூரும் தன் இலைகளை விட்டு, அதே ஒழுங்கில் தனக்கான தூர்களைக் கட்டும். மடகாஸ்கரில் இளம் நாற்றை ஒற்றையாக நடும் முறையை 1983இல் கண்டறிந்த லொலானியே பாதிரியார் பிற்பாடு இந்த விதியைக் கொண்டே தம் முறைக்கு விளக்கம் தந்தார். எந்தத் தடையும் இல்லாவிட்டால் பன்னிரண்டு இலைக்காலத்தில் ஒரே நாற்று 84 தூர்கள் வரை கட்டலாம் என்றும், அவற்றுள் 31 கடைசி இலைக்காலத்தில் மட்டும் வருபவை என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. இது காகிதக் கணக்குதான். வயலில் நிழலும் பசியும் நெருக்கமும் இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அம்முறையைப் பற்றி உலகெங்கும் பரப்பப்பட்ட சில மகசூல் எண்களை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் நடவில் வேர் அறுபட்டு ஓர் இலைக்காலம் வீணானால் கணக்கில் 84 என்பது 53 ஆகிறது என்பதை மனத்தில் கொண்டால், மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருந்து முற்றிப்போன நாற்றைக் குத்துக்கு நான்கைந்தாக நட நேர்வதன் காரணம் விளங்கும். அம்முறையின் நம் மாநில வடிவமான திருந்திய நெல் சாகுபடிக்குச் சொல்லப்படும் 14 நாள் என்பதும், மூன்று இலைப் பருவத்தை நாளில் சொன்னதேயன்றி வேறில்லை.

2008 முதல் வந்த ஆய்வுகள் இந்தக் கணக்குக்குப் புதிய பொருள் தருகின்றன. மொட்டு உருவாவது ஒன்று, அது வெடிப்பது இன்னொன்று. மொட்டைத் தூங்க வைக்கும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வளர்ச்சிப் பொருளை அவ்வாண்டில் பிரெஞ்சு, ஜப்பானியக் குழுக்கள் தனித்தனியே அடையாளம் கண்டன. ஜப்பானியர் பயன்படுத்தியது அளவுக்கு மீறித் தூர் கட்டும் குட்டை நெல் வகைகளை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் நெல்லின் வேர் இப்பொருளைக் கூடுதலாக உண்டாக்கி, தூர் வெடிப்பதைத் தானே அடக்கிக்கொள்கிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஆகவே முதன்மைத் தண்டில் எத்தனை இலை வந்திருக்கிறது என்று தெரிந்தால் எத்தனை தூர் வந்திருக்க வேண்டும் என்பது தெரியும். வந்த தூரை எண்ணினால் குறை எவ்வளவு என்பது தெரியும். குறையின் காரணம் மணிச்சத்தா, நெருக்கமா, ஆழ நட்டதா என்பதைப் பிறகு தேடலாம். செடியின் ஒவ்வோர் உறுப்பையும் ஓர் எழுத்தாகக் கொண்டு அதன் வளர்ச்சியை விவரிக்க உயிரியலாளர் லிண்டன்மேயர் 1968இல் வகுத்த விதிகளின் வழியில் இன்று கணினியில் நெற்பயிரை இலை இலையாக முப்பரிமாணத்தில் வளர்த்துப் பார்ப்பவர்களும் செய்வது இதுபோன்ற ஒப்பீட்டையே.

உழவர்கள் இலையை எண்ணிக்கொண்டிருப்பார்களா என்று சிலர் ஐயுறலாம். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட உதவும் இலை வண்ண அட்டையை வயலுக்கு எடுத்துச் சென்று, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவோடு ஒப்பிட்டுத் தழைச்சத்து இடும் உழவர்கள் இங்கே இருக்கிறார்கள். எண்ணுவதும் கடினமன்று. நெல்லின் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்ப் பக்கங்களில் வருவதால், ஒற்றைப்படை இலைகள் ஒரு பக்கத்திலும் இரட்டைப்படை இலைகள் மறுபக்கத்திலும் அமையும். ஐந்தாம் இலையில் ஒரு சொட்டு வண்ணம் வைத்துவிட்டால், அடியிலைகள் காய்ந்து உதிர்ந்த பின்னும் கணக்கு தப்பாது. ஒரே ஒரு சிக்கல் உண்டு. முளைத்தவுடன் வரும் முதல் இலைக்கு அலகு, அதாவது விரிந்த இலைப்பரப்பு, இருப்பதில்லை. அதைச் சிலர் எண்ணுகின்றனர், சிலர் விடுகின்றனர். எந்த முறையைப் பின்பற்றினாலும் குறிப்பில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த பருவத்துக்கான குறிப்புகளை வெளியிடும்போது, ஒவ்வொரு ரகத்துக்கும் நாற்றின் நாளுக்கு அருகில் இலை எண்ணிக்கையையும், முதல் மேலுரத்துக்கான தேதிக்கு அருகில் அப்போது முதன்மைத் தண்டில் இருக்க வேண்டிய இலையையும், வல்லுநர்களிடம் கேட்டு ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை.