அமிலம் பட்ட கயிறு: மீட்புக் கருவிகளுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். எங்கள் கடற்கரைக் கிராமத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் உள்ள மீட்புக் கயிற்றைப் பற்றி நான் எழுதும் நான்காவது மடல் இது. முதல் மூன்றும் தங்களிடம் இருக்கின்றன. ஆகவே இன்வெர்ட்டர் பேட்டரி எப்போது கசிந்தது, கயிற்றுப் பை எத்தனை நாள் அந்த ஈரத்தில் கிடந்தது, யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதையெல்லாம் மீண்டும் சொல்லப் போவதில்லை. மூன்றாவது மடலுக்கு வந்த பதிலில், "கயிறு பரிசோதிக்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது, தொடர்ந்து பயன்படுத்தலாம்" என்று இருந்தது. அந்த ஒரு வரிதான் இதை ஊரறிய எழுத வைத்தது.

என் வேண்டுகோள் ஒன்றே. அந்தக் கயிற்றை இருப்பிலிருந்து நீக்குங்கள். மறுபடி எவர் கையிலும் சிக்கிப் பயன்படாதபடி முழம் முழமாக வெட்டிவிடுங்கள். அதே தரத்தில் புதிய கயிறு கொடுங்கள்.

பரிசோதனை நடந்த அன்று நானும் அங்கே நின்றேன். கயிற்றைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்து, ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டி, மறுமுனையை நான்கு இளைஞர்கள் தம் பிடித்து இழுத்தார்கள். கயிறு அறவில்லை. பிறகு அமிலம் பட்டால் சிவக்கும் லிட்மஸ் தாளை நனைத்து ஒற்றினார்கள், சிவக்கவில்லை. உடனே பதிவேட்டில் கையெழுத்தானது. வந்தவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தார்கள். ஆனால் அந்த இரண்டு சோதனைகளும் நாம் அறிய வேண்டியதைச் சொல்லக்கூடியவை அல்ல.

குகைகளுக்குள் இறங்குவோரும் உயரத்தில் தொங்கி வேலை செய்வோரும் பயன்படுத்துகிற, அதிகம் நீளாத வகை நைலான் கயிறு அது. 11 மில்லிமீட்டர் தடிமன், ஈ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏ வகை. அந்தத் தரத்தின்படி புதிய கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ எடையின் இழுவையைத் தாங்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து இழுத்தால் 200 கிலோ வரும், மிஞ்சினால் 300 வரும். தன் வலிமையில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிட்ட கயிறும் அந்த வேப்பமரத்துச் சோதனையில் தேறிவிடும். மிச்சம் இருப்பது ஓர் ஆளுக்குப் போதாதா என்று அன்று ஒருவர் கேட்டார். போதாது. முடிச்சுப் போட்ட இடத்தில் வலிமை குறையும், நனைந்த நைலானில் மேலும் குறையும், கிணற்றுச் சுவரின் விளிம்பு உரசும், மேலேற்றும்போது இருவர் எடை தொங்கும், கால் வழுக்கி ஒரு முழம் விழுந்து நின்றால் அந்த உலுக்கல் எடையைப் பல மடங்காக்கும். அதோடு அமிலம் கயிறு முழுவதும் ஒரே சீராகப் படுவதில்லை. 50 மீட்டரில் ஒரு சாண் நீளம் கெட்டிருந்தால் அந்த ஒரு சாண்தான் மொத்தக் கயிற்றின் வலிமை.

லிட்மஸ் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் இதில் எனக்குச் சற்று உரிமை உண்டு. அலசிய கயிற்றில் தாள் சிவக்கவில்லை என்றால் இப்போது அங்கே அமிலம் இல்லை என்று பொருள், அவ்வளவுதான். இருந்த நாட்களில் அது என்ன செய்துவிட்டுப் போயிற்று என்பதைத் தாள் சொல்லாது. நைலான் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அமிலமும் ஈரமும் சேரும்போது அந்தச் சங்கிலியின் கண்ணிகள் அறுகின்றன. பிறகு சோப்பு போட்டாலும் சமையல் சோடா போட்டாலும் அமிலம் தணியுமே தவிர, அறுந்த கண்ணி மீண்டும் சேராது. பேட்டரியில் இருப்பது எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். தரையில் சிந்தியபின் நீர் ஆவியாகும். அமிலம் ஆவியாகாமல் நின்று, நாளாக நாளாகச் செறிவு கூடும். அதே மூலையில் யாரோ மறந்து விட்டுப்போன ஒரு பருத்தித் துண்டு கிடந்தது. நான் எடுத்தபோது பார்வைக்கு அது துண்டாகத்தான் இருந்தது. விரலால் மடித்த இடத்தில் சுட்ட அப்பளம் போல நொறுங்கிக் கொட்டியது. கயிற்றுப் பை அந்தத் துண்டின் மேல்தான் இருந்தது.

எங்கள் ஊரில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. படகுக் கயிறும் நைலான்தானே, ஆண்டுக்கணக்கில் உப்புநீரில் ஊறியும் உழைக்கிறதே என்கிறார்கள். கடல்நீர் அமிலம் அன்று. உப்பு காய்ந்து படிகமானால் இழைகளை உள்ளே அராவும். நல்ல தண்ணீரில் அலசினால் உப்பு போய்விடும். மேலும் படகுக் கயிறு முப்புரியாக முறுக்கியது. என் தகப்பனார் கடலுக்குப் போகுமுன் கயிற்றை ஒரு சாணுக்கு ஒருமுறை எதிர்முறுக்காகத் திருகி, புரியைப் பிரித்து, உள்ளே மாவு போல ஏதும் உதிர்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். இந்த மீட்புக் கயிற்றில் அதற்கு வழியில்லை. எடையைப் பெரும்பாலும் தாங்குகிற உள்ளிழைகளை ஒரு பின்னல் உறை மூடியிருக்கிறது. அமிலம் திரிபோல உள்ளே ஏறியிருக்கலாம். உறை வெள்ளை வெளேரென்றே இருக்கும். ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தால் வலிமை தெரியும், அறுத்தபின் கயிறு இராது. இந்தக் காரணத்தால்தான் இத்தகைய கயிறுகளைச் செய்வோர், வேதிப்பொருள் பட்டது என்ற ஐயம் வந்தாலே விலக்கிவிடச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் அறிந்தவனாக நான் ஒரு நாள் கிணற்றடியில் நின்றேன். கடைசி மடலை அனுப்பிய ஒன்பதாம் நாள், ஊருக்கு மேற்கே உள்ள 30 அடிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போன முதிய தாயார் ஒருவர் தவறி விழுந்துவிட்டார். கணுக்கால் ஒடிந்து, மார்பளவு நீரில் கிணற்று உறையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். எங்கள் தன்னார்வக் குழுவில் இறங்கப் பயிற்சி பெற்றவன் என் பழைய மாணவன். இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். கயிற்றுப் பை என் கையில் இருந்தது. "நான் இறங்குறேன் சார், ஒண்ணும் ஆகாது" என்றான். நான் பையைத் திறக்கவில்லை. கரைக்கு ஆள் அனுப்பி ஒரு நாட்டுப்படகின் நங்கூரக் கயிற்றை அவிழ்த்துவரச் செய்தேன். அது ஈரமாக, மணல் அப்பி, கைக்கு அடங்காத தடிமனில் வந்தது. பயிற்சியில் கொடுத்த இறங்கு கருவிக்குள் அது நுழையவே இல்லை. அவனை இடுப்பில் கட்டி, ஆறு பேர் கையால் விட்டு இறக்கினோம். எல்லாம் முடிய 25 நிமிடம் ஆனது. அதுவரை அந்தத் தாயார் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் பிழைத்தார். ஆனால் அவர் மகன் இன்னும் என்னைக் கண்டால், "கயிறு உங்க கையிலேயே இருந்துச்சே சார்" என்கிறார். கயிறு நன்றாக இருந்திருந்தால் ஒரு முதியவரை 25 நிமிடம் வீணாகத் தண்ணீரில் நிற்க வைத்தவன் நான். கெட்டிருந்தால் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியவன். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. பதிவேட்டில் கையெழுத்திட்டவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதியதுதான் என் மனத்தாங்கல். அந்தக் கையெழுத்து இருக்கும்வரை அடுத்த முறை நான் ஊரில் இல்லாத நாளில், நல்ல கயிறென்று நம்பி யாரோ ஒரு பையன் அதில் இறங்குவான்.

பேட்டரி, பிளீச்சிங் பவுடர், டீசல் கேன், பினாயில் ஆகியவற்றை மீட்புக் கருவிகளோடு ஒரே அறையில் அடுக்குவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன கரை இது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலைச் செய்தி வந்தபோது எங்கள் தெருவே ஓடியதை நான் கண்டிருக்கிறேன். இருந்தும் பதிவேட்டில் கயிற்றுக்கு இருக்கும் கட்டம் எண்ணிக்கைக்கானது மட்டுமே. எந்த ஆண்டு செய்தது, எதற்குப் பயன்பட்டது, எதன்மேல் கிடந்தது என்று எழுத இடமே இல்லை. கணக்கில் ஒரு கயிறு குறைந்தால் கேள்வி வருகிறது. கெட்ட கயிறு கணக்கில் இருந்தால் வருவதில்லை. இதைச் சொல்லும்போது என் எழுத்தில் கோபம் ஏறுகிறது, பொறுத்தருள வேண்டும்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். கயிற்றை நீக்குங்கள், வெட்டுங்கள், புதியது கொடுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் செய்தால் நலம். புதிய கயிற்றை வைக்க வெயில் படாத, பேட்டரி இல்லாத ஓர் அலமாரியை ஊரார் செலவிலேயே செய்து தருகிறோம். பழைய கயிற்றுப் பையின் வாயில் நான் ஒரு சிவப்புத் துணியை இறுகக் கட்டி வைத்திருக்கிறேன். தங்களில் ஒருவர் வந்து வெட்டும் நாள்வரை அதை அவிழ்க்க வேண்டாம் என்று, காவலுக்கு இருப்பவரிடம் தாங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கிராமத் தன்னார்வ மீட்புக் குழு