ப்ரோ வாங்கும் முன் வீட்டு டிவியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ (பிஎஸ் 5 ப்ரோ) மாதிரி விலை கூடிய புது கேம் கன்சோல்களைப் பற்றி, அதாவது டிவியில் சொருகி விளையாடும் பெட்டிகளைப் பற்றி, உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேலம் அம்மாப்பேட்டையில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். பிக்சர் டியூப் காலத்திலிருந்து இதே தொழில்தான். இப்போது எல்இடி பேனல், போர்டு வேலையோடு கேம் கன்சோல்களும் என் மேஜைக்கு வருகின்றன. எச்டிஎம்ஐ போர்ட் உடைந்தது, தூசி அடைத்துச் சூடாகி நின்றுபோனது என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். கட்டுரையில் கொடுத்திருந்த எண்களில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் கன்சோலை எந்த டிவியில் சொருகப் போகிறோம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. என் கடைக்கு வருகிற குடும்பங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழைய வாடிக்கையாளர். அவர் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். தீபாவளி நெருங்கும்போது உங்கள் கட்டுரை வந்த பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணே, பையன் வாங்குனா ப்ரோதான் வேணும்கறான். வெளிநாட்டுல இருந்து வர்றது, ஒரு லட்சத்துக்குப் பக்கத்துல கேக்கறாங்க. அந்த அளவுக்குப் பெறுமா?" என்றார். அவர் வீட்டு டிவியைச் சுவரில் மாட்டியதே நான்தான். 43 அங்குலம், ஃபுல் எச்டி. எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு கட்டில் கிடக்கிறது, பையன் அதில் உட்கார்ந்துதான் விளையாடுவான். டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவே எட்டு அடி இருக்கும். இந்த விவரம் தெரிந்த பிறகு அவருக்கு 'வேண்டாம்' என்று பதில் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கவில்லை.

ஏன் என்று விளக்குகிறேன். 43 அங்குல ஃபுல் எச்டி பேனலில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள ஒருவரால் ஏறக்குறைய ஐந்தரை அடி வரைக்கும்தான் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதைத் தாண்டினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். எட்டு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஃபுல் எச்டியே கண்ணுக்கு எட்டும் அளவைவிட நுணுக்கமான படம். அதற்கு மேல் நான்கு மடங்கு புள்ளி உள்ள 4கே படத்தைக் கன்சோல் தயார் செய்தாலும், அந்த டிவி அதை ஃபுல் எச்டி (1080பி) ஆகத்தான் காட்டும். 4கே டிவியே வாங்கி மாட்டினாலும் 43 அங்குலத்தில், அவ்வளவு தூரத்தில், கூடுதல் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. 55 அங்குலம் என்றால் இதே கணக்கு ஏழு அடியைத் தாண்டும். பழுதுக்கு என் கடைக்கு வருவதில் பெரும்பகுதி 32 அங்குல டிவிகள். அவற்றிலும் நிறைய ஃபுல் எச்டிகூட இல்லை, 1366க்கு 768 புள்ளிகள் உள்ள எச்டி ரெடி. அந்த வீட்டுப் பிள்ளைகளும் இதே கட்டுரையைத்தான் படிக்கிறார்கள்.

பிஎஸ் 5 ப்ரோவையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் 699.99 டாலருக்கு வந்தது, 2025 ஆகஸ்டில் 749.99 ஆனது. சாதாரண பிஎஸ் 5இல் கிராஃபிக்ஸ் பகுதியில் 36 கணக்கீட்டு அலகுகள், ப்ரோவில் 60. மெமரி வேகம் 28 சதவீதம் கூடுதல். படத்தை உருவாக்கும் வேகம் 45 சதவீதம் வரை கூடும் என்பது சோனியின் கணக்கு. குறைந்த புள்ளியில் வரைந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவால் 4கே அளவுக்கு நிரப்பித் தரும் பிஎஸ்எஸ்ஆர் என்ற வசதியும் இருக்கிறது. இதெல்லாம் உண்மையான முன்னேற்றம், நான் மறுக்கவில்லை. ஆனால் பிராசசர் பழைய பிஎஸ் 5இல் இருந்த அதே ஸென் 2 வகைதான், வேகத்தை மட்டும் சுமார் 10 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே பிராசசர் திணறுவதால் இழுக்கிற கேம் ப்ரோவிலும் பெரிதாகத் திருந்திவிடாது. ப்ரோவில் மட்டுமே ஓடும் என்று தனியாக கேம்களும் கிடையாது.

இந்த முன்னேற்றத்தின் நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டும். பிஎஸ் 5 கேம்கள் பலவற்றில் இரண்டு மோட் இருக்கும். ஒன்றில் படம் கூர்மையாக இருக்கும், நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படங்கள். மற்றதில் கூர்மை கொஞ்சம் குறையும், நொடிக்கு 60 ஃப்ரேம். விளையாடுகிறவர்கள் நான்கில் மூன்று முறை 60 ஃப்ரேமைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ப்ரோவை அறிமுகம் செய்த மார்க் செர்னியே சொன்னார். அந்தக் கூர்மையையும் இந்த வேகத்தையும் ஒன்றாகத் தரத்தான் ப்ரோ வந்தது. கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டு ஃபுல் எச்டி டிவியிலோ கூர்மை ஏற்கெனவே டிவியோடு நின்றுவிடுகிறது. சாதாரண பிஎஸ் 5இல் 60 ஃப்ரேம் மோடைப் போட்டுக்கொண்டால் போதும். அந்தப் பையன் ஆசைப்பட்டதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். ப்ரோவை மாட்டினால் மரக்கிளை, கம்பி வேலி மாதிரி இடங்களில் ஓரங்கள் இன்னும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், சில கேம்களில் ஃப்ரேம் விழாமல் ஓடும். அதற்காகக் கிட்டத்தட்ட இன்னொரு கன்சோலின் விலையைக் கொடுப்பதா?

விலையைவிட எனக்கு அதிகம் உறுத்துவது டிஸ்க் விஷயம். வாங்கி வரும் ப்ரோவில் கேம் டிஸ்க் போடும் டிரைவ் இல்லை. அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், ப்ரோ வந்தபோது அமெரிக்காவில் அதற்கு 79.99 டாலர். முதல் தடவை மாட்டும்போது இணைய இணைப்பும் வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு பையன் புது கேம் டிஸ்க் வாங்கினால் அது அவனோடு நிற்பதில்லை. முடித்ததும் பெரியப்பா வீட்டுக்குப் போகும், அங்கிருந்து எதிர்வீட்டுக்கு, கடைசியில் பழைய டிஸ்க் எடுக்கும் கடையில் பாதி விலைக்காவது போகும். ஒரு டிஸ்கில் நாலு வீடு விளையாடும். டவுன்லோடு செய்த கேமை அப்படிக் கை மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது. நாலைந்தாயிரம் ரூபாய் கொடுத்து கேம் வாங்குகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த சாதாரண பிஎஸ் 5இன் ஸ்லிம் மாடலின் விலை அப்போது டிஸ்க் டிரைவோடு 54,990, டிரைவ் இல்லாமல் 44,990 ரூபாய். என்னைக் கேட்டால் கூடக் கொடுக்கத் தகுந்த பணம் அந்தப் பத்தாயிரம்தான்.

ஏற்காட்டில் விருந்தினர் தங்கும் வீடு நடத்தும் அம்மா ஒருவருக்கும் இதையேதான் சொன்னேன். வருகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஹாலில் ஒரு கன்சோல் வைக்கலாம் என்று யோசித்தார். நூறு ஜிபியைத் தாண்டும் கேம்கள் இப்போது சாதாரணம். அவர் வீட்டில் இருக்கும் இணைய வேகத்துக்கு ஒரு கேம் இறங்குவதற்குள் வந்த விருந்தினர் கீழே இறங்கிப் போய்விடுவார்கள். டிஸ்க் இருந்தால் கேமின் பெரும்பகுதி அதிலிருந்தே ஏறிவிடும், அப்டேட் மட்டும் இறக்கினால் போதும். அப்புறம் மின்னல் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மலையில் இடிமழை பெய்த மறுநாள் ஏற்காட்டிலிருந்து டிவிகள் வரும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், கேபிள் ஒயரை மறந்திருப்பார்கள். அதன் வழியாக வந்த அடி செட்டாப் பாக்ஸைத் தாண்டி டிவியின் எச்டிஎம்ஐ பகுதியையே கருக்கிவிட்டிருக்கும். அதே டிவியில் கன்சோலும் சொருகியிருந்தால் அதற்கும் ஆபத்துதான். மேகம் கட்டினால் எல்லா ஒயரையும் கழற்றி வையுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். மலைமேல் இருக்கும் உங்கள் வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

உத்தரவாதத்தைப் பற்றியும் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும். ப்ரோ 2024இல் வெளிவந்தபோது இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. அதிலுள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அனுமதி கிடைக்காத நாடுகளில் விற்க முடியாது என்று சோனி காரணம் சொன்னது, அந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. அப்படியும் சில கடைகளில் கிடைத்தது என்றால் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்றது. பவர் சப்ளை போனால் இங்கே கொண்டுபோய்க் கொடுக்க இடம் கிடையாது, பில்லும் பல சமயம் இருக்காது. கடைசியில் என்னைப் போன்றவர்களிடம்தான் வரும். பிஎஸ் 5 வகைக் கன்சோல்களில் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. கழற்றும்போது ஒரு துளி நகர்ந்து போர்டில் பட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். பழக்கமில்லாத கையில் கொடுத்து லட்ச ரூபாய்ப் பொருளைப் பாழாக்கிக்கொள்ளாதீர்கள்.

விலை கூடிய மாடல் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் வைத்தும் டிவியில் சொருகியும் விளையாடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஓஎல்இடி மாடல் 2021 அக்டோபரில் வந்தது. உள்ளே அதே சிப்தான், பழையதைவிட 50 டாலர் கூடுதல். ஆனால் திரை 6.2 அங்குலத்திலிருந்து, நிறங்கள் பளிச்சென்று தெரியும் 7 அங்குல ஓஎல்இடி ஆனது, சேமிப்பு இடமும் 32 ஜிபியிலிருந்து 64 ஆனது. கையில் வைத்து விளையாடுகிறவருக்கு அந்தப் பணம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் தெரியும், ஏனென்றால் திரை அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. அதையே டிவியில் சொருகி மட்டும் விளையாடுகிறவர் 50 டாலரை மிச்சப்படுத்தியிருக்கலாம். ப்ரோவும் அப்படித்தான். சேலம் ஃபேர்லாண்ட்ஸில் ஒரு வீட்டில் 65 அங்குல 4கே டிவி மாட்டினேன், நொடிக்கு 120 முறை படம் மாற்றும் 120 ஹெர்ட்ஸ் பேனல், சோபா ஆறடியில். அங்கே ப்ரோவின் படம் நிச்சயமாக வித்தியாசமாகத் தெரியும். அவரிடம் வசதி இருக்கிறது, அவர் வாங்கட்டும்.

கையில் ஏற்கெனவே பிஎஸ் 5 இருக்கிறவர்கள் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கன்சோல் செட்டிங்ஸில் திரை, வீடியோ பகுதிக்குப் போனால் இப்போது டிவிக்கு என்ன படம் போகிறது என்று காட்டும். 4கே டிவி வைத்துக்கொண்டு பழைய ஒயரால் 1080பி பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெட்டியோடு வந்த ஒயரையே பயன்படுத்துங்கள். டிவியிலும் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு என்று தனி செட்டிங் இருக்கும், முழுத் தரப் படத்தை ஏற்கும்படி அதை மாற்றிவிட வேண்டும். டிவியில் கேம் மோடைப் போடுங்கள். டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்து, பட்டனை அழுத்தியதும் கேமில் உடனே அடி விழும். கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டில் அன்று சாயங்காலமே போய்க் கேம் மோடைப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பையன் பழைய பிஎஸ் 4இல் ஒரு ரேஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஸ்டீயரிங் இப்பத்தான் சொன்னதக் கேக்குது" என்றான். 2 டிபி சேமிப்பு இடம் வேண்டும் என்பதற்காக ப்ரோவைப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாதாரண பிஎஸ் 5இலேயே எம்.2 எஸ்எஸ்டி என்ற கூடுதல் சேமிப்புக் கார்டு மாட்ட ஸ்லாட் இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

இதற்கு மேலும் கையில் பணம் இருந்தால் டிவியில் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. நல்ல பேனல் உள்ள டிவியில் பையன் விளையாடுவான், அப்பா கிரிக்கெட் பார்ப்பார், பாட்டி சீரியல் பார்ப்பார்.

ஆசிரியருக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது எந்த அளவு டிவிக்கு, எத்தனை அடி தூரத்துக்கு அந்த மாடல் பொருந்தும் என்பதையும், டிஸ்க் போட முடியுமா, இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் அப்பாக்கள் கடைக்குப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
அம்மாப்பேட்டை, சேலம்.