கைமாற்றாக வந்த வாக்குகள்

செட்டிநாட்டுத் தொகுதிகளில் ஆதரவு தேடும் வலதுசாரிக் கட்சிகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இன்ன ஊரும் இன்ன சமூகமும் என்றைக்கும் நம் பக்கம்தான் என்ற கணக்கோடு நீங்கள் தேர்தல் வேலையைத் தொடங்குவதைப் பல காலமாகப் பார்க்கிறேன். அந்தக் கணக்கு தவறு என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது.

1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, நாகபுரிக் காங்கிரஸ் மாநாட்டின் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்துக்கு அஞ்சிய நிலக்காரர்களும், பெர்மிட், லைசென்ஸ், கோட்டா முறையில் அலைக்கழிந்த வணிகர்களும் அதன் பின்னே வந்தார்கள். பர்மாவில் கடனுக்கு ஈடாக வந்த வயல்களை 1948ஆம் ஆண்டின் நில நாட்டுடைமைச் சட்டத்தால் இழந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களுக்கு, அரசு சொத்தில் கைவைக்கும் என்பது வெறும் மேடைப் பேச்சாகத் தோன்றவில்லை. எங்கள் அப்பச்சி அக்கட்சியின் நட்சத்திரச் சின்னத்துக்கு வாக்களித்தது அதனால்தான். ஆனால் 1962இல் காரைக்குடியில் அக்கட்சியின் சா. கணேசன் வென்றதற்கு அந்த அச்சம் மட்டும் போதாது. விடுதலைப் போராட்ட வீரராகவும் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியவராகவும் அவருக்கு ஊரில் இருந்த மதிப்பு கட்சிக்கு அப்பாற்பட்டது.

1967இல் தி.மு.க. கூட்டணியில் நின்று சுதந்திராக் கட்சி மாநிலச் சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பெற்றது. இந்தி எதிர்ப்பில் தெருவில் இறங்கிய மாணவர்களின் வீட்டாரும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியை நம்பிய கூலிக் குடும்பங்களும் நட்சத்திரத்தில் முத்திரை குத்தினார்கள் என்றால், முன்பு இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜியே என்பதை மறந்து அல்ல, காங்கிரஸை இறக்குவதற்காக. அவை கைமாற்று வாக்குகள். 1971இல் கட்சி தி.மு.க.வை விட்டுப் இந்திரா காந்தியைப் பிரிந்து நின்ற பழைய காங்கிரஸோடு சேர்ந்ததும் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நாடெங்கும் இந்திரா காந்திக்கு ஆதரவு பெருகியிருந்த அந்தத் தேர்தலில், 1967இல் மக்களவையில் 44 இடங்களை வென்றிருந்த சுதந்திராக் கட்சிக்கு 8 இடங்களே மிஞ்சின. 1974இல் அது பாரதிய லோக் தளத்தில் கலந்தது.

கைமாற்றை முதலோடு சேர்த்து ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) போட்டால் எந்தக் கடையும் நிலைக்காது என்பதை உங்களில் பலர் வீட்டிலேயே கற்றிருப்பீர்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பல பெரிய வீடுகள் இன்று முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கின்றன. ஊரில் இருந்து வாக்களிப்பவர்கள் ஆத்தங்குடிப் பட்டறைகளில் தரைக்கல் வார்ப்பவர்களும், கண்டாங்கி நெய்பவர்களும், வேலை தேடும் அவர்கள் பிள்ளைகளும். கூட்டணியால் வந்த வாக்கையும் கொள்கைக்காக வந்த வாக்கையும் வாக்குச்சாவடி வாரியாகத் தனித்தனியே எழுதிப் பாருங்கள். அடுத்த வேட்பாளரை முடிவு செய்யும் முன், அந்தப் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து, போன முறை ஏன் வாக்களித்தீர்கள் என்று கேளுங்கள்.