ஒத்தக் கண்ணன் எழுதுறது

மாப்ள முருகேசா,

உன் வாய்ஸ் மெசேஜ் எதுக்கும் பதில் போடலைன்னு திட்டித் தீர்த்திருப்பே. போன மாசம் பூரா எனக்கு ஒத்தக் கண்ணுதான்டா. போன் வெளிச்சமே ஆகல. இப்பத் தேவலை, அதான் நீட்டி எழுதுறேன். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கு? மாடு கன்னு போட்டுச்சா?

இடது கண்ணு செவந்த அன்னைக்கே ராதா மெட்ராஸ் ஐன்னு சொல்லி என் துண்டு, தலகாணி எல்லாத்தையும் தனியா வச்சுட்டா. பீளை இல்ல, அரிப்பு இல்ல, வலி மட்டும் புருவம் வரைக்கும் ஏறுது. இங்க இங்கிலாந்துல, லீட்ஸ்ல ஒரு டாக்டரம்மா பார்த்துட்டு, இது யுவைட்டிஸ், கண்ணுக்கு உள்ள வர்ற அழற்சின்னாங்க. அப்புறம் ஆரம்பிச்சாங்க பாரு விசாரணை, பொண்ணு கேட்டு வந்த சம்பந்தி தோத்துடுவாங்க. எந்த ஊர், வீட்ல மாடு இருந்துச்சா, குளத்துல குளிப்பீங்களா, யாருக்காச்சும் டி.பி. வந்துச்சா, காலைல இடுப்பு பிடிக்குதா?

வெளிய உக்காந்திருந்த துருக்கிக்காரர்கிட்டப் பேச்சுக் கொடுத்தேன். அவர்கிட்ட வாய்ப்புண் அடிக்கடி வருமான்னு கேட்டிருக்காங்க. வாய்ப்புண்ணும் வரும், கண்ணுக்குள்ள இதே அழற்சியும் வரும்ங்கற பெசெட் நோய் அவங்க பக்கம் ஜாஸ்தி. 1937ல அதைப் பத்தி எழுதினதும் இஸ்தான்புல் தோல் டாக்டர் ஹுலூசி பெசெட்தான். துருக்கியில இருந்து ஜப்பான் வரைக்கும், பழைய பட்டுப் பாதை போன வழியிலதான் அது அதிகமாம். நேபாளத்துல இன்னும் விசித்திரம். ஒத்தைப்படை வருஷங்கள்ல, மழை முடிஞ்சு வெள்ளை அந்துப்பூச்சி பறக்கற சமயத்துல, பிள்ளைங்களுக்குச் சில நாள்லயே பார்வை போயிடுது. இன்னைக்கு வரைக்கும் முழுக் காரணம் பிடிபடல. ஒரே கண்ணு, ஒரே செவப்பு, ஊருக்கு ஊர் வேற காரணம்!

ராத்திரி ராத்திரியா இதையே தேடப் போய் கடைசில நம்ம மதுரையில வந்து முட்டுனேன். 1993 வெள்ளம் ஞாபகம் இருக்கா? அது வடிஞ்ச பிறகு அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு யுவைட்டிஸ்காரங்க கூட்டமா வந்திருக்காங்க. பெரும்பாலும் சேத்துல இறங்குற ஆம்பளைங்க. டாக்டர் ரத்தினமும் கூட இருந்தவங்களும் விடாம துருவிப் பார்த்ததுல லெப்டோஸ்பைரா, அதாவது நம்ம எலிக்காய்ச்சல் கிருமின்னு தெரிஞ்சது. கண்ணுக்குள்ள இருந்து எடுத்த நீர்லயே அதோட டி.என்.ஏ. இருந்திருக்கு. எலி மூத்திரம், மாட்டு மூத்திரம் கலந்த தண்ணி, கால் வெடிப்பு வழியா உள்ள போயிருது. காய்ச்சல் வந்து போயிடும், கண்ணு செவக்கறது மாசக்கணக்குல கழிச்சு. ரெண்டையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பா? குதிரைக்கு இப்படி வரும்னு மாட்டு டாக்டருங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும், அதுதான் எரிச்சல்.

உங்க பெரியப்பா அந்த வருஷம் துணியால கண்ணை மறைச்சுக்கிட்டுத் திண்ணைல கிடந்தாரே. திருஷ்டின்னு மொளகா சுத்திப் போட்டாங்களே. எனக்கு இப்பச் சந்தேகமா இருக்குடா.

நானும் கண்மாய்ல வாங்கினதாத்தான் இருக்கும்னு டாக்டரம்மாகிட்டப் பெருமையா அளந்து விட்டேன். ரிசல்ட் வந்து மானத்தை வாங்கிருச்சு: எச்.எல்.ஏ.-பி27 பாசிட்டிவ். இங்க நூத்துல எட்டுப் பேர்கிட்ட இருக்கற மரபணு அது, ஜப்பான்ல நூத்துல ஒருத்தர்கூடத் தேற மாட்டாங்க. இங்க என்னை மாதிரி திடீர்னு கண்ணு செவந்து வர்றவங்கள்ல பாதிப்பேர்கிட்ட அது இருக்காம். காலைல நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறப்ப ‘கெழவா’ன்னு கூப்பிட்டுச் சிரிச்சியே, அதுவும் இதோட கூட்டாளியா இருக்கலாம்னு மூட்டு டாக்டர்கிட்ட அனுப்பறாங்க. ஸ்டீராய்டு சொட்டு மணிக்கொரு தரம் விட்டது, இப்பக் குறைச்சாச்சு.

சரி, விளையாட்டை விடு. நம்ம பய கதிரோட கண்ணு ரொம்ப நாளா செவந்தே கெடக்கு, மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விடறேன்னு சொல்லியிருந்தியே. கேட்டதுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. அவன் எந்நேரமும் கண்மாய்ல விழுந்து கெடக்கறவன். நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்குன்னே ஒண்ணு இருக்குடா. தண்ணியில இருக்கற நத்தை வழியா வர்ற ஒரு தட்டைப்புழு, கண்ணோட முன்பக்கத்துல வெள்ளையா சின்ன முடிச்சு வர வைக்குது. அதையும் அரவிந்த்காரங்கதான் கண்டுபிடிச்சாங்க, குளத்துலயும் ஆத்துலயும் குளிச்ச பிள்ளைங்ககிட்ட. அவனுக்கு அதுதான்னு நான் சொல்லல. ஆனா நீயா ஸ்டீராய்டு சொட்டை விட்டுட்டே இருந்தா மேல செவப்பு அடங்கும், உள்ள பிரஷர் ஏறும், புரை விழும். அந்த வயசுல வேணுமா?

நாத்து நடணும், ஆள் கிடைக்கலன்னு சாக்கு சொல்லாம இந்த வாரமே மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. அவன் எங்க குளிக்கறான், காய்ச்சல் வந்துச்சான்னு அவங்க கேக்கலைன்னாலும் நீயே சொல்லு. பார்த்துட்டு அன்னைக்கே போன் அடி, இங்க என்ன நேரமா இருந்தாலும் பரவாயில்ல.

உன்
சேகர்

பி.கு.: பாண்டிகிட்டச் சொல்லு, கண்ணுதான் மங்கிச்சு, அந்த அஞ்சாயிரம் நல்லா ஞாபகத்துல இருக்குன்னு.