மாறுகிறோம், ஆனால் ஆடியில் மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஸ்டூடியோ உரிமையாளர்களுக்கு,

வணக்கம். தை முகூர்த்தங்கள் தொடங்கும் நேரத்தில் நம் வட்டார எடிட்டர்கள் பலருடைய போனுக்கும் ஒரே மாதிரி வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இனிமே எடியஸ் வேண்டாம், எல்லாம் டாவின்சியிலதான். அது தெரிஞ்சவங்க மட்டும் வேலைக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டுப் போங்க." எடியஸ் நாங்கள் இதுவரை கல்யாண வீடியோவைக் கட் செய்துவந்த எடிட்டிங் சாஃப்ட்வேர்; டாவின்சி ரிசால்வ் அதற்குப் பதிலாக நீங்கள் சொல்லும் சாஃப்ட்வேர். மெசேஜை முதலில் அனுப்பியவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கும் தெரியும், அவரைப் பார்த்து அதையே சொன்ன மற்றவர்களுக்கும் தெரியும்.

டாவின்சி ரிசால்வுக்கு மாற மாட்டோம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ஏன் மாற வேண்டியிருக்கிறது என்பது உங்களைவிட எங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. நீங்கள் கேமராவை மாற்றினீர்கள். சோனி ஏ7 III-இல் 8 பிட் ஃபுட்டேஜ் வந்தவரை எங்கள் பழைய கணினி தாங்கியது. ஏ7 IV வந்த பிறகு நிற விவரம் கூடிய, கணினிக்குக் கனமான 10 பிட் 4:2:2 வருகிறது, அதையும் மங்கலாகப் பதிவாகி பிறகு கலர் செய்தே ஆக வேண்டிய எஸ்-லாக் 3-இல் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். அதை ஒழுங்காகக் கலர் செய்ய ரிசால்வ் போல வேறொன்று இல்லை. கலர் கரெக்‌ஷனுக்காகவே பிறந்த சாஃப்ட்வேர் அது. பிளாக்மேஜிக் நிறுவனம் 2009-இல் டாவின்சியை வாங்கிய பிறகுதான் படிப்படியாக எடிட்டிங்கும் அதற்குள் வந்தது. ஆகவே மாறுவது சரி. எந்த மாதத்தில், யார் செலவில், பழைய வேலைகளை என்ன செய்துவிட்டு என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஆடியில் மாற்றுங்கள். தை, மாசி, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் நெருக்கும்போது மாற்றச் சொல்லாதீர்கள். கிறிஸ்தவ, இஸ்லாமிய வீட்டுக் கல்யாணங்கள் ஆடியிலும் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் வருடத்தில் ஓரளவு கை ஓயும் மாதம் அதுதான். மார்கழியிலும் கல்யாணம் இல்லையே என்பீர்கள். கார்த்திகைக் கல்யாணங்களைப் பொங்கலுக்குள் முடித்துக் கொடுக்கச் சொல்லி நிற்பதும் நீங்கள்தானே.

அவசரமாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு என் கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு வைகாசிக் கல்யாணம். எடியஸில் கட் செய்து, பென் டிரைவில் கொடுத்து, பார்ட்டியும் வாங்கிப் போய்விட்டது. தை மாதம் பெண் வீட்டிலிருந்து போன். தாய்மாமன் சீர் வைக்கும் இடம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, தட்டோடு அவர் நடந்து வருவது மட்டும் இருக்கிறது, பெண் கையில் கொடுப்பது இல்லை, மாமா கோபித்துக்கொண்டு பேசுவதில்லை, எப்படியாவது சேர்த்துத் தாருங்கள் என்றார்கள். ஃபுட்டேஜ் இருக்கிறது. புராஜெக்ட்டைத் திறந்து, ஷாட்டை இழுத்து, பாட்டைக் கொஞ்சம் நீட்டி, திரும்ப ரெண்டர் போட்டால் முடிந்தது. ஆனால் திறக்க எடியஸ் இல்லை. மெசேஜ் வந்த வாரமே ஸ்டூடியோ கணினியை ஃபார்மட் அடித்து ரிசால்வ் போட்டுவிட்டார்கள். ஃபார்மட்டுக்கு முன் எடுத்து வைத்த ஏஏஎஃப் ஃபைலை, அதாவது வெட்டுகளை வேறு சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோகும் ஃபைலை, ரிசால்வில் ஏற்றினேன். வெட்டுகள் வந்தன, ஆடியோ வந்தது. டைட்டில் ஒன்றுகூட வரவில்லை. செய்து வைத்திருந்த கலர் வரவில்லை. நலங்கும் ஊஞ்சலும் பாட்டோடு ஓட வேண்டிய இடங்களெல்லாம் டைம்லைனில் வெற்றிடமாகக் கிடந்தன.

முடிந்த வீடியோவையே வெட்டி நடுவில் அந்த ஷாட்டைச் சொருகலாமே என்று கேட்டார் உரிமையாளர். சொருகலாம், அந்த இடத்தில் பாட்டு இரண்டு துண்டாகிவிடும். மாமா முகத்துக்கு நேராகப் பாட்டு அறுந்தால் அவர் கோபம் கூடுமா, குறையுமா? கடைசியில் முழுக் கல்யாணத்தையும் முதலிலிருந்து கட் செய்து கொடுத்தேன். இன்னொரு முகூர்த்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் செய்தேன். அதற்குக் கூலி கேட்டபோது "உன் வேலைதானேப்பா" என்று பதில் வந்தது. ஃபார்மட் அடித்தது நானில்லை.

நம் ஊர் கல்யாண வீடியோவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டு புராஜெக்ட்கள். படத்தையும் கிளிப்பையும் மாற்றிப் போட்டால் அப்படியே ஓடும்படி அடுக்கடுக்காகச் செய்து விற்கிறார்களே, அவற்றை எங்களில் பலர் சொந்தக் காசில் வருடக்கணக்காக வாங்கிச் சேர்த்திருக்கிறோம். எடியஸுக்கென்று செய்தது எடியஸில்தான் திறக்கும். ரிசால்வுக்குப் போன அன்றே அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் எங்களுக்குப் பயனில்லை. ஆனால் பார்ட்டி மட்டும் பழைய டெமோவைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்கும்.

கைப்பழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். எடியஸில் சி அழுத்தினால் வெட்டு, என், எம் அழுத்தினால் ட்ரிம். கண் திரையில் இருக்கும், விரல் தானாகப் போகும். ரிசால்வில் எல்லாமே வேறு இடத்தில். பிரீமியர், ஃபைனல் கட் என்ற மற்ற எடிட்டிங் சாஃப்ட்வேர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பழைய கீ அமைப்பைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். எடியஸ்காரர்கள் நாங்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். இது கற்றுக்கொள்ள முடியாத வித்தை இல்லை. ஆனால் காலையில் முகூர்த்தம் முடிந்து மாலை ரிசப்ஷனுக்குள் எல்ஈடி திரையில் ஹைலைட்ஸ் ஓட வேண்டும் என்று நீங்கள் மண்டபத்தில் நின்றுகொண்டு போன் செய்யும் நாளில் கற்றுக்கொள்ள முடியாது.

அப்புறம் கணினி. எடியஸ் பெரும்பாலும் பிராசஸரை நம்பி ஓடும். ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடும். வீட்டில் வைத்து வேலை செய்யும் எடிட்டரிடம் இருப்பது 2 ஜிபி, 4 ஜிபி கார்டுதான். 4கே டைம்லைனில் இரண்டு லேயர் ஏற்றியதும் ஜிபியு மெமரி ஃபுல் என்று சொல்லி நின்றுவிடுகிறது. "ஃப்ரீதானே, டவுன்லோட் பண்ணிக்கோ" என்கிறீர்கள். இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது. வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்துவிட்டு, புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்று எங்களைக் கேட்டால் என்ன செய்வது? அதற்கு ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். விலை 295 டாலர், ஒரு முறை கட்டினால் போதும், ஒரு கீயை 2 கணினியில் போடலாம். ஒரு லென்ஸ் வாங்கும் பணத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கு இது பெரிய தொகை அல்ல. கிராக், அதாவது திருட்டுப் பதிப்பு, போட்டுக்கொள்ளச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதோடு வைரஸ் வந்து ஒரு கல்யாணத்தின் ஃபுட்டேஜ் போனால், தாலி கட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

பழையதையும் புதியதையும் கொஞ்ச காலம் சேர்த்து வைத்திருப்பது நாங்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. 2011 ஜூனில் ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளியிட்டபோது பழைய ஃபைனல் கட் 7 புராஜெக்ட் அதில் திறக்கவில்லை, பல கேமரா ஃபுட்டேஜைச் சேர்த்து வெட்டும் மல்ட்டிகேம்கூட இல்லை. உலகம் முழுக்க எடிட்டர்கள் கொதித்தார்கள். விற்பனையிலிருந்து எடுத்த பழைய பதிப்பை ஆப்பிள் மறுபடி கொஞ்ச காலம் விற்க வேண்டிவந்தது. மல்ட்டிகேம் 2012 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. அதற்குள் பிரீமியருக்கும் அவிட் என்ற சாஃப்ட்வேருக்கும் போனவர்கள் ஏராளம். அவ்வளவு பெரிய நிறுவனமே இறங்கிவந்தது. நீங்கள் பழைய கணினி ஒன்றை மூலையில் வைத்திருக்கக் கூடாதா?

சினிமா எடிட்டர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி இருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டருக்கு உங்களை விட்டால் பேச ஆளில்லை. கேமரா புதிது, ட்ரோன் புதிது, பேக்கேஜ் விலையும் வருடா வருடம் ஏறுகிறது. எங்கள் மிக்ஸிங் கூலி, அதாவது எடிட்டிங் கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதையும் பார்ட்டி பாக்கி கொடுத்த பிறகுதான் தருகிறீர்கள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்டூடியோ பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். ராத்திரி முழுக்க விழித்துக் கட் செய்தவன் பெயர் எங்கேயும் இருக்காது. இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் மடல் நீளும். இதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம்.

இப்போதைக்குப் பணிவோடு கேட்பது இதுதான். ஆடியில் மாற்றுங்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்று விவசாயிக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். அந்த மாதம் நாங்கள் கற்றுக்கொள்ளும் நாட்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுங்கள். ஸ்டூடியோ பதிப்பின் கீயை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பழைய கல்யாணங்களில் திருத்தம் கேட்டு வருகிறவர்களுக்காக எடியஸ் இருக்கும் கணினி ஒன்றை அடுத்த ஆடி வரை ஃபார்மட் அடிக்காமல் வையுங்கள். கையில் இருக்கும் தை, வைகாசி வேலைகளை எடியஸிலேயே முடித்துக் கொடுக்க விடுங்கள்.

எந்தக் கணினியில் எது இருக்கும் என்பதை ஆனி முடிவதற்குள் வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தை ரிசால்வில் கட் செய்து, கலர் செய்து, சொன்ன தேதியில் உங்கள் கடையில் கொண்டுவந்து கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
கும்பகோணம் வட்டாரக் கல்யாண வீடியோ எடிட்டர்கள் சார்பில், உங்களில் சிலருக்கு வேலை செய்யும் ஓர் எடிட்டர்