பாப்பாவுக்கு, கொழுக்குமலை போறதுக்கு முன்னாடி

பாப்பா,

சாப்டியான்னு கேட்டா உனக்கு கோவம் வரும், அதனால கேக்கல. கொழுக்குமலைக்குப் போறேன், ஒரு ஃப்ரெண்டோட, டெண்ட்ல தங்குறோம்னு படபடன்னு சொல்லிட்டு போனை வச்சுட்ட, அதுக்கப்புறம் நான் போட்ட மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரல் பொம்மைதான் வருது. அதான் உக்காந்து டைப் பண்றேன், முழுசா படி.

சூரியநெல்லிப் பக்கம் ஜீப்ல ஏறி, மேல தங்கி, சூரியன் உதிக்கிறத பாத்துட்டு அதே ஜீப்ல இறங்குறதுன்னா சரி. அங்கருந்து நடந்தே கொரங்கணிக்கு இறங்கிரலாம்னு யாராச்சும் சொன்னா போகாத. இது பங்குனி. பிப்ரவரி 15லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் நம்ம பக்கத்துக் காட்டுல ட்ரெக்கிங்கே விடமாட்டாங்க, அது சும்மா போட்ட ரூல் இல்ல. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை, ட்ரெக்கிங் வந்த அந்தப் புள்ளைங்க அப்படித்தான இறங்குச்சுங்க, காட்டுத்தீல சிக்கி 23 உசுரு போச்சு. நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த, டிவில பாத்துருப்ப. இங்க நம்ம தெருவுல ராவெல்லாம் தேனிலருந்து பெரியாஸ்பத்திரிக்கு வர்ற ஆம்புலன்ஸ் சத்தம், உங்கப்பா எந்திரிச்சு ஃபேனைக் கூட்டி வச்சாரு, அப்பவும் கேட்டுச்சு.

போடி பெரியம்மா வீட்டு மாடியில நின்னு நீயே பாத்துருக்கல்ல, ராத்திரி மலையில தீ மாலை போட்ட மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறும். கீழ எரியிற சூட்டுலயே மேல நிக்கிற புல்லு காஞ்சு பத்திக்கத் தயாரா இருக்கும்னு பெரியப்பா சொல்வாரு, மேட்டைப் பாத்து ஏறுற தீயை ஓடி ஜெயிக்க முடியாது. புகையைப் பாத்தா மேல ஓடாத, பாறையோ ஏற்கனவே எரிஞ்சு கரிஞ்ச எடமோ பாத்து ஒதுங்கு. அந்த வழுவழு பேண்ட் வேணாம், சூடு பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும், காட்டன் போடு. ராத்திரிக்கு ஸ்வெட்டர் எடுத்துக்க. குளிருதுன்னு டெண்டுக்குள்ள மட்டும் அடுப்பு பத்த வச்சுராதீங்க.

உனக்கு ஏறத் தெரியாதுன்னு சொல்லல. யுகேஜி படிக்கையிலயே அழகர்கோயில்ல ராக்காயி அம்மன் கோயில் வரைக்கும் தூக்கச் சொல்லாம ஏறுன புள்ள நீ, குரங்கு வந்து பையைப் புடுங்குனப்பவும் விடல. பெருமையாத்தான் இருக்கு. ஆனா அப்பல்லாம் எதைப் பாத்தாலும் மூச்சுவிடாம எங்கிட்டதான் சொல்லுவ, இப்ப ஒவ்வொண்ணையும் நானா கேட்டு வாங்க வேண்டியிருக்கு.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி கொரியர்ல போடுறேன், ரெண்டு பேருக்கும் சேத்து. அவங்க காரம் தின்பாங்களா? கறி, கருவாடு பழக்கம் உண்டா? அவங்க வீட்டுக்கு இந்த ட்ரிப்பு தெரியுமா? அவங்க நம்பரையும் அனுப்பு, மலையில உன் போன் எடுக்கலன்னா நான் யாரைக் கூப்புடுறது. உங்கப்பா யாரு கூடன்னு கேட்டாரு, ஃப்ரெண்டோடன்னு சொன்னேன், அவரும் அதுக்கு மேல கேக்கல, பேப்பரை எடுத்துக்கிட்டாரு.

திரும்பச் சொல்றேன், கொரங்கணிக்கு நடந்து இறங்காத.

சித்திரைத் திருவிழாவுக்கு இப்பவே லீவு சொல்லி வை. அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு கோரிப்பாளையத்துல கால் வைக்க எடம் இருக்காது, நம்ம வீட்டுலயும் சொந்தக்காரங்க நெறைஞ்சுருவாங்க, இருந்தாலும் முன்ரூமை ஒழிச்சு வைக்கிறேன். அவங்களையும் கூட்டிட்டு வா. வர்றாங்களா இல்லையான்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிரு.

அம்மா