பாப்பாவுக்கு, ரைபிள் வாங்கறதுக்கு முன்னாடி

பாப்பா,

நேத்து போன்ல நீ கேட்டப்ப நான் சட்டுனு பதில் சொல்லல, ஏன்னா இது அஞ்சு நிமிஷத்துல பேசி முடிக்கற விஷயம் இல்ல, அதான் உக்காந்து எழுதுறேன். ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ் சனிக்கிழமை துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க, ரொம்பப் பிடிச்சுப் போச்சு, நானும் சொந்தமா ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கப் போறேன், 700 டாலர்ல ஒரு ஏ.ஆர்-15 பாத்து வச்சிருக்கேன்னு சொன்ன. நான் திட்டுவேன்னு பயந்துக்கிட்டே சொன்ன மாதிரி இருந்துச்சு. திட்டல கண்ணு. எனக்கு சந்தோஷம் தான். ஆனா அந்த ஏ.ஆர் இப்ப வேணாம். முதல் ரைபிள் பாயின்ட் 22 தான் வாங்கணும், அதான் ரொம்பச் சின்ன தோட்டா போடுற ரகம், அதுலயும் ருகர் கம்பெனியோட 10/22 வாங்கு. ஏன்னு சொல்றேன், பொறுமையா படி.

1986-ல மதுரையில காலேஜ் படிக்கிறப்ப என்.சி.சி-ல முதல் தடவை சுட்டேன்னு உனக்குத் தெரியும். அதுவும் பாயின்ட் 22 தான், ஒவ்வொரு ரவுண்டுக்கும், அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும், போல்ட்டை (தோட்டாவை உள்ள தள்ளுற இரும்புக் கட்டை) கையால இழுத்துப் போடணும். கேம்ப்ல தரையில விரிப்பு போட்டு வரிசையா படுக்க வச்சு ஆளுக்கு அஞ்சு ரவுண்டு கொடுப்பாங்க, அஞ்சே அஞ்சு, அதுக்காக காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வெயில் ஏறுற வரைக்கும் வரிசையில நிப்போம். அஞ்சு ரவுண்டும் ஒரு உள்ளங்கைக்குள்ள விழுந்தா பயிற்சி கொடுக்குற பி.ஐ. ஸ்டாஃப் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தலையை மட்டும் ஆட்டுவாரு, அது போதும் எங்களுக்கு. அந்த அஞ்சு ரவுண்டை வச்சுத் தான் மூச்சை எப்ப நிறுத்தணும், விரலை எப்படி மெதுவா அழுத்தணும்னு கத்துக்கிட்டோம். உனக்கு அஞ்சுக்கு பதிலா ஐநூறு கிடைக்கும், அதுக்குத் தான் பாயின்ட் 22.

கணக்கைப் பாரு. பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா இப்ப ஒண்ணு சுமாரா 7, 8 சென்ட் ஆகுது. ஏ.ஆர்-ல போடுற 223-ங்கற தோட்டா ஒண்ணு 50 சென்ட் பக்கம். ஒரு தடவை ரேஞ்சுக்குப் போனா 200 ரவுண்டு போயிடும், அப்ப இதுக்கு 16 டாலர் அதுக்கு 100 டாலர், மாசம் ஒரு தடவை போனா வருஷத்துக்கு 200-க்கும் 1200-க்கும் உள்ள வித்தியாசம். 700 டாலர் கொடுத்து வாங்கிட்டு தோட்டா விலைக்குப் பயந்து பீரோவுல பூட்டி வச்சிருக்குறவங்க எனக்கே நாலஞ்சு பேரைத் தெரியும். இன்னொண்ணு, பாயின்ட் 22-ல உதைப்பே கிடையாதுன்னு சொல்லலாம். 223-ம் பெரிய உதைப்பு இல்ல தான், ஆனா அந்த சத்தம் இருக்கே, அது புதுசா சுடுறவங்களை சுடுறதுக்கு முன்னாடியே கண்ணை மூட வைக்கும். அப்படி ஒரு பழக்கம் உடம்புல ஏறிட்டா எடுக்குறதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்.

10/22 வந்து 1964-லேருந்து செஞ்சுக்கிட்டு இருக்காங்க. பத்து ரவுண்டு பிடிக்கிற மேகசின், உள்ள சுழல்ற மாதிரி, துப்பாக்கிக்கு அடியில துருத்திக்கிட்டு நிக்காது. இத்தனை வருஷமா மாறாம இருக்குறதால உதிரி சாமான் எங்கயும் கிடைக்கும், குறி பாக்குற சைட்டு, தோள்ல அணைக்கிற ஸ்டாக்கு, ட்ரிகர், எது வேணும்னாலும் பின்னாடி மெதுவா மாத்திக்கலாம். ஃபேக்டரி ட்ரிகர் கொஞ்சம் கனமா இருக்கும், உண்மை தான், அதுக்காக முதல் நாளே வேற வாங்கிப் போடாத. விலை கடையில 300 டாலர் சொச்சம் வரும்.

இதை விட சீப்பா சேவேஜ் 64 இருக்கு, சுமாரா 200 டாலர், நல்லாத் தான் சுடும், ஆனா எக்ஸ்ட்ரா மேகசின் தேடி அலையணும். மார்லின் மாடல் 60-ன்னு ஒண்ணு பழசுல வரும், 1960-லேருந்து லட்சக்கணக்குல வித்தது, அந்தக் கம்பெனியை 2020-ல ருகரே வாங்குனதுக்கப்புறம் அது புதுசா வர்றதில்ல. துல்லியத்துல அதைக் குறை சொல்ல முடியாது, ஆனா தோட்டா எல்லாம் பேரலுக்கு அடியில ஒரு குழாய்க்குள்ள நிக்கும், காலியாயிடுச்சான்னு பாக்குறது புதுசா பழகுறவங்களுக்கு கஷ்டம், அதனால உனக்கு வேணாம். ஏ.ஆர் வடிவம் தான் மனசுல நிக்குதுன்னா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15-22 பாரு, அதுவும் பாயின்ட் 22 தான், கடைசி ரவுண்டு முடிஞ்சதும் போல்ட்டு திறந்தே நிக்கும், அது பெரிய நல்ல விஷயம். நூறு நூத்தம்பது டாலர் கூட ஆகும், அவ்ளோ தான்.

நீ என்னை மாதிரி தான், அஞ்சடி ரெண்டு அங்குலம். அதனால 10/22-லயே காம்பேக்ட் மாடலைக் கையில எடுத்துப் பாரு, பேரல் 16 அங்குலம் தான், ஸ்டாக்கும் சின்னது, வெயிட்டு ரெண்டு கிலோ. கடையில பாக்குறதுக்கு ஒரு வழி சொல்றேன். முதல்ல காலியா இருக்கான்னு திறந்து காட்டச் சொல்லு, அப்புறம் முழங்கையை மடக்கி, உள்பக்கம் மடிப்புல ஸ்டாக்கோட அடியை வச்சு, விரல் ட்ரிகர் கிட்ட தானா வந்து நிக்குதான்னு பாரு. எட்டி எட்டித் தொட வேண்டியிருந்தா அது உன் சைஸ் இல்ல. கவுண்டர்ல நிக்கிறவர் பொம்பளப் பிள்ளைன்னு பார்த்துட்டு பிங்க் கலர்ல ஒண்ணை எடுத்து நீட்டுவாரு, கலரைப் பாக்காத, அளவைப் பாரு. ஸ்கோப்பும் இப்ப வேணாம், அதுல வர்ற இரும்பு சைட்டுலயே ஆறு மாசம் சுடு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதை மட்டும் ரெண்டு தடவை படி. நான் என்.சி.சி-ல பழகுன ரைபிள்ல கையால இழுத்தா தான் அடுத்த ரவுண்டு ஏறும். செமி ஆட்டோமேட்டிக்ல அப்படி இல்ல, நீ ஒண்ணை சுட்ட அடுத்த நொடியே அடுத்தது உள்ள போய் உக்காந்துரும், உன்னைக் கேக்காது. 2013-ல, நான் 10/22 வாங்கி ரெண்டு மூணு மாசம் இருக்கும், இங்க ஹூஸ்டன்ல ஒரு ரேஞ்சுல பாதி சுட்டுட்டு தண்ணி குடிக்கலாம்னு மேகசினைக் கழட்டி டேபிள்ல வச்சுட்டு, முடிஞ்சுதுன்னு நெனச்சு ரைபிளை எடுத்து பக்கத்து ஸ்டாண்டுல சாய்க்கப் போனேன். ரேஞ்ச் ஆபீசர் ஒரு பெரியவர், சத்தம் போடாம பின்னாடி வந்து பேரலை ஒரு கையால டார்கெட் பக்கமே திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, போல்ட்டை இழுங்கன்னாரு. இழுத்தேன். பளபளன்னு ஒரு ரவுண்டு வெளிய வந்து என் செருப்பு மேல விழுந்துச்சு. மேகசின் கழட்டுனா மட்டும் அந்த ரைபிள் காலி ஆகாது பாப்பா, சேம்பர்ல, அதான் பேரலோட பின்முனையில, ஒண்ணு நிக்கும், ட்ரிகரைத் தொட்டா வெடிக்கும். அன்னைக்கு கை நடுக்கம் நிக்க வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் ஆச்சு, அப்பாகிட்ட கூட அன்னைக்கு சொல்லல.

10/22-ல கடைசி ரவுண்டு போனாலும் போல்ட்டு மூடிக்கிட்டுத் தான் நிக்கும், பாத்தா தோட்டா இருக்குற மாதிரியும் இல்லாத மாதிரியும் ஒண்ணு போலவே இருக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் மேகசினை எடு, போல்ட்டைப் பின்னாடி இழு, ட்ரிகர் கார்டுக்கு முன்னாடி இருக்குற சின்ன லீவரை அழுத்தி அதைத் திறந்தபடி நிறுத்து (அது லேசுல பழகாது, வீட்டுல பத்து தடவை செஞ்சு பாரு), உள்ள கண்ணால பாரு, அப்புறம் சுண்டு விரலை விட்டுத் தடவிப் பாரு. காலியா இருக்குன்னு வெளிய தெரியறதுக்கு பிளாஸ்டிக்குல சேம்பர் ஃபிளாக்னு விக்கும், ஒரு டாலர், அதை சொருகிட்டுத் தான் கையை எடுக்கணும். என்.சி.சி-ல சுட்டு முடிச்சதும் “நிரீக்ஷண் கே லியே, ஜாஞ்ச் சஸ்த்ர”ன்னு கட்டளை வரும், எல்லாரும் திறந்து காட்டுவோம், இப்பவும் எனக்கு அந்தக் குரல் காதுல கேட்டா தான் துப்பாக்கியை கீழ வைப்பேன். முதல் மாசம் மேகசின்ல ரெண்டே ரவுண்டு போடு. பத்தும் போட்டா கை தானா படபடன்னு அழுத்தும், சந்தோஷமா இருக்கும், ஒண்ணும் கத்துக்க மாட்ட.

அழுத்தியும் வெடிக்கலைன்னா உடனே திறக்காத, டார்கெட்டைப் பாத்தே 30 செகண்ட் பிடிச்சிரு, பாயின்ட் 22-ல இது அப்பப்ப நடக்கும். தோட்டா ரொம்ப மலிவா மொத்தமா வர்றதை வாங்குனா அடிக்கடி சிக்கும், முதல்ல சிசிஐ மினி மேக் ரெண்டு டப்பா வாங்கு. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, சப்சானிக்னு போட்டிருக்குறதை ஆரம்பத்துல எடுக்காத, சில சமயம் போல்ட்டை முழுசாத் தள்ள அதுல வேகம் பத்தாது. நான் வாங்குன வருஷம் பாயின்ட் 22 தோட்டாவே கிடைக்காம லாரி வர்ற நாள்ல விடியக்காலை கடை வாசல்ல நின்னு ஆளுக்கு ஒரு டப்பான்னு வாங்குனோம், அதனால கிடைக்கிறப்ப ஒரு ஆயிரம் வாங்கி வச்சுக்க.

அடுத்து மாப்பிள்ளை விஷயம். நீ சிட்டிசன், உனக்குப் பிரச்சனை இல்ல. அவர் இன்னும் எச்-1பி வேலை விசாவுல இருக்காரு. அந்த மாதிரி விசாவுல உள்ளவங்க துப்பாக்கியும் சரி, தோட்டாவும் சரி, கையில வச்சிருக்கவே கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கு, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதும் அதுல சேர்ந்தது தான். ஹன்டிங் லைசென்ஸ் வச்சிருந்தா விலக்கு உண்டு, ஆனா கிரீன் கார்டு ஃபைல் ஓடிக்கிட்டு இருக்குற நேரத்துல அதை நம்பி எதுவும் செய்ய வேணாம், உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேளு. துப்பாக்கி கேஸ்ல தண்டனை ஆச்சுன்னா நாட்டை விட்டே அனுப்பிடலாம், கிரீன் கார்டு வந்தவங்களுக்கும் அதே கதி தான். அதனால துப்பாக்கியைப் பூட்டி வைக்கிற பெட்டி உன் பேர்ல, அதோட நம்பர் உனக்கு மட்டும் தெரியணும். அவர்கிட்ட நீயே பக்குவமா சொல்லு, மாமியார் சொன்னாங்கன்னு வர வேணாம். நாங்களும் 2011-ல கிரீன் கார்டு வர்ற வரைக்கும் தொட்டதில்ல.

நான் இங்க டெக்சாஸ்ல வாங்கி உனக்கு எடுத்துட்டு வரவும் மாட்டேன், ஸ்டேட் விட்டு ஸ்டேட் கொடுக்கணும்னா லைசென்ஸ் உள்ள டீலர் வழியாத் தான் போகணும். நீயே உங்க ஊர் சேண்ட்லர்ல கடைக்குப் போ, 4473-ன்னு ஒரு ஃபாரம் கொடுப்பாங்க, ஒவ்வொரு கேள்வியும் நிதானமா படிச்சு நிரப்பு, அதுல பொய் சொன்னா அதுவே தனி குற்றம். கஞ்சா பத்தி ஒரு கேள்வி வரும். அரிசோனாவுல 2020-லேருந்து அது லீகல் தான், பார்ட்டியில கஞ்சா கலந்த மிட்டாயே கொடுக்குறாங்கன்னு நீயே சொல்லியிருக்க, ஆனா அந்த ஃபாரத்துக்கு ஸ்டேட் சட்டம் கணக்கு இல்ல, ஃபெடரல் சட்டம் தான். காசு நான் அனுப்புறேன், அது உனக்கு என்னோட பிறந்தநாள் பரிசு, வாங்குறது நீ உனக்காக, அதுல தப்பில்ல.

சுடுறதுக்கு மெசாவுல ரியோ சலாடோ ரேஞ்ச் இருக்கு, உனக்கு அது தான் கிட்ட. வடக்க பென் ஏவரி, கேம் அண்ட் ஃபிஷ் டிபார்ட்மென்ட் நடத்துறது, ரொம்பப் பெருசு, ஒரு நாள் அங்கயும் போ. பாலைவனத்துல சும்மா போய் கேன் வச்சு சுடலாம்னு ஃபிரெண்ட்ஸ் கூப்பிடுவாங்க, முதல் வருஷம் போகாத. பாயின்ட் 22-ன்னா விளையாட்டு சாமான்னு நெனப்பாங்க, அந்தக் குண்டு ஒன்றரை மைல் வரைக்கும் போகும். 1999-ல ஃபீனிக்ஸ்ல ஷானன் ஸ்மித்னு 14 வயசுப் பிள்ளை, வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்னு போன் பேசிக்கிட்டு இருந்திருக்கு, எங்கயோ யாரோ வானத்தைப் பாத்து சுட்ட குண்டு வந்து விழுந்து செத்துப் போச்சு. அதுக்கப்புறம் தான் அரிசோனாவுல ஊருக்குள்ள அலட்சியமா சுட்டா பெரிய குற்றம்னு 2000-ல சட்டம் வந்துச்சு, அந்தப் பிள்ளை பேரை வச்சே ஷானன் சட்டம்னு சொல்றாங்க. நீ எட்டாவது படிக்கிறப்ப கொல்லையில போன் பேசிக்கிட்டே நடப்பியே, இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அந்த ஞாபகம் தான் வந்துச்சு.

ஆப்பிள்சீட்னு ரெண்டு நாள் ட்ரெயினிங் ஒண்ணு ஊர் ஊரா நடத்துறாங்க, 25 மீட்டர்ல சின்ன டார்கெட் வச்சு, பெரும்பாலும் பாயின்ட் 22-ல தான் சுட வைப்பாங்க. துப்பாக்கி வாங்குன கையோட அதுல பேர் கொடு. நான் போனேன், வயசு அம்பதுக்கு மேல, ரெண்டாவது நாள் முட்டியெல்லாம் வலி, ஆனா மதுரையில படுத்து சுட்ட மாதிரியே இருந்துச்சு.

பாயின்ட் 22 சத்தம் கம்மி தானேன்னு காதை மூடாம விடாத, அதுவும் 140 டெசிபல் பக்கம் வரும், உள்ள பிளக்கு, மேல மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவாம எதையும் சாப்பிடாத, ஈயம் ஒட்டியிருக்கும். குழந்தைக்கு பிளான் பண்றப்ப ரேஞ்சை நிறுத்திடு, முக்கியமா நாலு சுவத்துக்குள்ள உள்ள ரேஞ்ச், ஈயம் வயித்துல இருக்குற பிள்ளைக்கும் போகும். இதுல வெக்கப்பட்டுக்கிட்டு என்கிட்ட சொல்லாம இருக்காத.

பெட்டியும் அதே நாள்ல வாங்கணும், நாளைக்கு வாங்கலாம்னு இல்ல. தோட்டாவை வேற இடத்துல பூட்டி வை. மனசு சரியில்லாத நாள்ல பெட்டியைத் திறக்காத, வேலையில அடி, சண்டை, எதுவா இருந்தாலும் அன்னைக்கு எனக்கு போன் பண்ணு, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் பரவாயில்ல.

காது மஃப் மட்டும் நீ வாங்காத. என்கிட்ட ரெண்டு இருக்கு, நல்லது, சின்ன தலைக்கு சரியா உக்காரும், திங்கக்கிழமை போஸ்ட்ல போடுறேன். கூடவே அந்த மஞ்சள் சேம்பர் ஃபிளாக்கும் வரும். கடையில எதைப் பாத்தாலும் போட்டோ எடுத்து அனுப்பு, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி.

அம்மா